ஆபீஸ் மெயிலில் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்: நெல்லைச் சீமை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் கம்ப்யூட்டரும் மேசையும் போட்டு ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமார் அண்ணாச்சிகளுக்கும், அவர்களிடம் எச்.ஆர். பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வண்ணாரப்பேட்டை பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு நிறுவனம் அண்மையில் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பியது. ஆபீஸ் மெயிலைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதுதான் குற்றமாம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. படித்தால் அவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தேவையும் இல்லை. இதே காரியத்தை நாளைக்கு நீங்களும் செய்யக்கூடும். அப்படிச் செய்ய முழு உரிமை உண்டு என்றுதான் உங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் தொழிற்சங்கக்காரன் இல்லை. நூற்பாலை ஒன்றில் பெர்சனல் டிபார்ட்மெண்டில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். நிர்வாகத்தின் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்தவன். எத்தனையோ பேருக்கு சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், அடித்திருக்கிறேன். நூல் கோனை இடுப்பில் கட்டிக் கடத்தியவன், ஷிஃப்ட் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தவன், அடுத்தவன் அட்டையைப் பஞ்ச் செய்தவன் என்று வெளியே அனுப்பப்பட்டவர்களின் ஃபைல்கள் என் கை வழியாகத்தான் போயின. ஆகவே 'பாவம், ஏழைப் பிள்ளை, விட்டுவிடுங்கள்' என்று கேட்க நான் வரவில்லை. வேலையை விட்டு ஆளை எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில், அந்த மெயில்களில் என்னதான் இருந்தது? பிள்ளை எங்கள் சேர்மாதேவிப் பிள்ளை. அதன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் ஆபீஸ் ஸ்கேனரில் எடுத்துச் சென்னையில் இருக்கிற மாமாவுக்கு அனுப்பியிருக்கிறது. தம்பியின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகச் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட். அப்புறம், கடனுக்காக ஒரு வங்கியோடு நடந்த கடிதப் போக்குவரத்து. இவ்வளவுதான். வாடிக்கையாளர் விவரம் ஒரு வரிகூட வெளியே போகவில்லை. போனதாக நிறுவனமும் சொல்லவில்லை.

இதில் வங்கி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடனோ கிரெடிட் கார்டோ கேட்டுப் போனால் விண்ணப்பத்திலேயே 'அலுவலக மின்னஞ்சல் முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு சுட்டி அனுப்புவார்கள். அதைத் திறந்தால்தான் நீங்கள் அங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று நம்புவார்கள். வங்கி கேட்கிறது, பிள்ளை கொடுக்கிறது. இது வேலை நீக்கத்துக்குரிய குற்றம் என்றால், வீட்டுக் கடன் வாங்கியிருக்கிற உங்கள் கணக்கு மேலாளரையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.

வங்கியை விடுங்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மாதச் சம்பளச் சீட்டை எந்த மெயிலுக்கு அனுப்புகிறீர்கள்? குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மா பெயர், வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று எந்த மெயிலில் கேட்கிறீர்கள்? வருமான வரிக்கு வாடகை ரசீதையும் எல்.ஐ.சி. ரசீதையும் எந்த மெயிலில் அனுப்பச் சொல்கிறீர்கள்? பி.எஃப். நாமினி விவரம், பிரசவ விடுப்பு விண்ணப்பம், ஃபார்ம் 16 எல்லாம் ஆபீஸ் மெயில்தான். அந்தப் பெட்டிக்குள் குடும்பத்தை முதலில் கொண்டுவந்து வைத்தவர்களே நீங்கள்தான். அதே பெட்டியில் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று கூடுதலாகக் கிடந்தது நிறுவனத்துக்கு எந்த வகையில் துரோகம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் சொந்தப் போனில் எத்தனை ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு 'காலையில் சீக்கிரம் வாங்க' என்று வருகிற செய்தி பிள்ளையின் டேட்டாவில்தான் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அப்போது என்ன நடந்தது? சிக்னல் கிடைக்கிற மொட்டை மாடியில் நின்று, சொந்த ஹாட்ஸ்பாட்டில், சொந்த ஜிமெயிலில் ஆபீஸ் ஃபைலை அனுப்பச் சொன்னார்கள். பிள்ளைகளும் அனுப்பினார்கள். நிறுவனத்தின் ரகசியம் சொந்த மெயில் வழியாகப் போகிறதே என்ற கவலை அந்த வாரம் யாருக்கும் வரவில்லை. கம்பெனி வேலை வீட்டுக்குள் வரலாம், வீட்டுக் காகிதம் ஒன்று கம்பெனிக்குள் வந்துவிடக் கூடாது என்பது எந்த ஊர்க் கணக்கு?

எங்கள் மில்லில் டைம் ஆபீசில் கறுப்புப் போன் ஒன்று இருந்தது. டயலில் குட்டிப் பூட்டு. சாவி ஹெட் கிளார்க்கிடம். வெளியூர் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். சொந்த விஷயமாகப் பேசுகிறவர் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் நோட்டில் பெயர், ஊர், நேரம் எழுதுவார். பில் வந்ததும் அவரிடம் காசு வாங்கிக்கொள்வோம். எழுதாமல் பேசினவர்களும் உண்டு. பிடிபட்டால் ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு சரி. போன் பேசியதற்காக வேலை போனவர் என்று ஒருத்தரும் எனக்கு நினைவில் இல்லை. தபாலும் அப்படித்தான். குடியிருப்புக்கு விலாசம் சரியாக இல்லாதவர்களுக்கு இன்லேண்டு லெட்டர் மில் விலாசத்துக்குத்தான் வரும். காவலாளி வாங்கி வைத்து ஷிஃப்ட் முடிந்ததும் கொடுப்பார். மேலே மில் விலாசம் இருக்கிறது, ஆகவே உள்ளே எழுதியிருப்பது மில்லின் சொத்து என்று எந்த மானேஜரும் கடிதத்தைப் பிரித்துப் படித்ததில்லை.

மெயில் அப்படி இல்லை என்பீர்கள். அதுவும் சரிதான். மெயில் நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. யாரோ அனுப்பிய சுட்டியை ஒரு பிள்ளை தெரியாமல் அமுக்கினால் சர்வர் முழுக்கப் படுத்துவிடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போட்டுக் கொடுக்கிற இடமாக இருந்தால், நோயாளியின் விவரம் ஒன்று வெளியே கசிந்தாலே ஒப்பந்தம் போய்விடும். ஆபீஸ் மெயிலில் இருந்து சொந்த வியாபாரம் நடத்துகிறவர்களும் உண்டு. வேலை நேரத்தில் சீட்டுப் பிடிக்கிறவர்களும் உண்டு. இதற்கெல்லாம் கட்டுப்பாடு வேண்டும், தேவைப்பட்டால் நடவடிக்கையும் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலைப் போட்டிக் கம்பெனிக்கு அனுப்பின ஆளுக்காக நான் மடல் எழுத மாட்டேன். ஆனால் எல்லாச் சொந்த மெயிலையும் அந்தக் குற்றத்தோடு ஒரே சாக்கில் கட்டுவது நிர்வாகம் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

சரி, இந்தப் பிள்ளையை ஏன் தேடிப் பிடித்தார்கள்? என் கணிப்பைச் சொல்கிறேன். ஷிஃப்ட் ராத்திரி முடிகிறது. சேர்மாதேவிக்குக் கொண்டுவிடுகிற வேனைச் செலவு என்று நிறுத்திவிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்தால் அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதமும் போக்குவரத்து வசதியும் வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் கடை, நிறுவனங்களைத் திறந்து வைக்க அனுமதித்த 2019 அரசாணையிலேயே இருக்கிறது. பிள்ளை அதைக் குறிப்பிட்டு எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டது. பதில் இல்லை. சில வாரத்தில் 'வழக்கமான தணிக்கை' என்று அதன் மெயில் பெட்டியை மட்டும் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதே ஆபீசில் டீம் லீடர் தன் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையை ஆபீஸ் மெயிலிலேயே எல்லாருக்கும் அனுப்பி, பாதிப் பேர் போய்ச் சாப்பிட்டும் வந்திருக்கிறார்கள். அவருடைய பெட்டியை யாரும் தணிக்கை செய்யவில்லை.

எல்லாரும் மீறுகிற, யாரும் கண்டுகொள்ளாத ஒரு விதியை, வேண்டாத ஆள் ஒருத்தர் மேல் மட்டும் எடுத்து வீசுவதை நான் பார்க்காதவன் இல்லை. மில்லிலும் முயன்றிருக்கிறார்கள். அப்போது எங்களுக்கு லேபர் ஆபீசராக இருந்தவர் ஃபைலைத் திருப்பி அனுப்பி, 'இதே தப்புக்கு இதற்கு முன்னால் யாருக்கு என்ன தண்டனை கொடுத்தோம்?' என்று ஓரத்தில் எழுதி வைப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஃபைல் நகராது. நாங்கள் கையில் வைத்திருந்த மாதிரி நிலையாணைகளிலும், அதாவது தொழிலாளிகளின் நடத்தைக்கும் தண்டனைக்கும் அரசு வகுத்த மாதிரி விதிகளிலும், அதுவே இருந்தது: தண்டனை கொடுக்கும்போது தப்பின் கடுமை, தொழிலாளியின் பழைய பதிவேடு, மற்றச் சூழ்நிலைகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளையின் பழைய பதிவேட்டில் ஒரு மெமோகூட இல்லை.

அனுப்பிய விதம் அதைவிட மோசம். சார்ஜ் மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, என்கொயரி இல்லை. ஒரு அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, பிரிண்ட் எடுத்த மெயில்களை மேசையில் பரப்பியிருக்கிறார்கள். அம்மாவின் கர்ப்பப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதில் ஒன்று. அறையில் இருந்த மூன்று பேரும் ஆண்கள். அப்புறம் வழக்கமான பேரம்: 'நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். இல்லையென்றால் டெர்மினேஷன் என்று போடுவோம். அடுத்த கம்பெனியில் கேட்டால் அதைத்தான் சொல்வோம்.' இருபத்தைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எழுதிக் கொடுத்துவிட்டது. வாசலுக்கு வருவதற்குள் மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள்.

இந்த ராஜினாமா வித்தை இன்றைக்கு எல்லா ஆபீசிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே இதைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதில் 41-ஆவது பிரிவு. ஒரு ஆள் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டால், நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமலும் அவரை நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் முன்னறிவிப்பு வேண்டாம்தான். ஆனால் அதற்கென்று விசாரணை நடத்தி, அதில் போதுமான சாட்சியம் பதிவாகி இருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவு வழி விடுகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற மேலாளர்களுக்கு இது பொருந்தாது. தரவு உள்ளிடுகிற பிள்ளைக்குப் பொருந்தும். ராஜினாமா என்று எழுதி வாங்கிவிட்டால் இது எதற்கும் வேலையில்லை என்று உங்களுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். மிரட்டி வாங்கின ராஜினாமா ராஜினாமாவே இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்குக் கதவு சாத்தியது என்பதெல்லாம் அப்போது சாட்சியமாக வரும்.

தண்டனை அளவுக்கு மீறியது என்று பட்டால் அதைத் தொழிலாளர் நீதிமன்றமே மாற்றலாம் என்று தொழில் தகராறு சட்டத்தில் 11ஏ பிரிவை 1971-இல் சேர்த்தார்கள். அது வந்த பிறகுதான் எங்கள் மாதிரி ஆட்கள் டிஸ்மிஸ் ஆர்டர் அடிக்கும்போது இரண்டு தடவை யோசித்தோம். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிற தொழில் உறவுகள் தொகுப்பிலும் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது.

'மெயில் எங்களுடையது, படிப்போம்' என்ற வாதத்துக்கு வருகிறேன். உங்கள் வக்கீல் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார். வேலை சம்பந்தமாகவும், நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் பாதுகாக்கவும் ஊழியரின் தரவைக் கையாளத் தனியாக ஒப்புதல் வேண்டாம் என்று அதில் முதலாளிக்கு ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது. நிறுவனத்தைக் காப்பதற்காகத் திறந்த வாசல் அது. ஒரு அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பியதில் நிறுவனத்தின் எந்த நஷ்டம் தவிர்க்கப்பட்டது என்று சொல்லுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன நாடு இது. அந்தத் தீர்ப்பு அரசாங்கத்தை நோக்கித்தான் முதலில் பேசுகிறது, தெரியும். ஆனாலும் அதைப் படித்துவிட்டு வருகிற நீதிபதி முன்னால்தான் நீங்களும் போய் நிற்க வேண்டும்.

அதே 2017-இல், சில நாள் கழித்து செப்டம்பர் 5 அன்று ஐரோப்பாவில் ஒரு தீர்ப்பு வந்தது. நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கதை அப்படியே நம் கதை. ருமேனியாவில் பர்புலெஸ்கு என்று ஒரு பொறியாளர். விற்பனைப் பொறுப்பில் இருந்தார். வாடிக்கையாளரோடு பேசுவதற்காக நிறுவனம் சொல்லி ஒரு யாஹூ மெசஞ்சர் கணக்குத் தொடங்கினார். அதில் உடன்பிறந்த சகோதரரோடும் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடும் பேசியிருக்கிறார். 2007-இல் நிறுவனம் அந்தப் பேச்சையெல்லாம் 45 பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்து வைத்து வேலையை விட்டு நீக்கியது. சொந்த உபயோகம் கூடாது என்று அங்கே விதி இருந்தது, அவருக்கும் தெரியும். உள்ளூர் நீதிமன்றங்களில் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் முதல் சுற்றில் 2016-இல் தோற்றார். கடைசியாக அதன் பெரிய அமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. தடை இருந்தால் மட்டும் போதாது. கண்காணிப்போம், எந்த அளவுக்குக் கண்காணிப்போம், உள்ளே எழுதியிருப்பதையும் படிப்போமா என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் நுழையாமல் வேறு வழியில் காரியம் முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். பத்து வருஷம் அலைந்திருக்கிறார் அந்த மனுஷர். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பத்து வருஷம் அலைய வசதியில்லை என்பது தெரிந்துதான் இங்கே துணிகிறார்கள்.

இங்கே அந்தத் தடைகூட ஒழுங்காக இல்லை. வேலையில் சேர்ந்த அன்று கம்ப்யூட்டரில் நீளமான ஆங்கிலக் கொள்கை ஆவணம் ஒன்றைக் காட்டி, கடைசியில் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொன்னார்களாம். அதில் மெயில் பற்றி ஒரு பத்தி இருந்ததாம்; 'அளவான சொந்த உபயோகம்' அனுமதிக்கப்படும் என்று வேறு அதிலேயே இருக்கிறதாம். எது அளவு என்று எங்கேயும் இல்லை. தேவைப்படும் அன்று நீங்களே அளந்துகொள்வீர்கள் போலிருக்கிறது.

அண்ணாச்சிகளே, சட்டம் பேசியது போதும். உங்கள் ஆபீசில் செய்ய வேண்டியது பெரிய காரியம் எதுவும் இல்லை. மெயிலில் எதை அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்று ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பீர்கள் என்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள். யார் பார்ப்பார், எதற்காகப் பார்ப்பார் என்றும் எழுதுங்கள். யாருக்கு மெயில் போனது, எத்தனை போனது, எவ்வளவு பெரிய ஃபைல் போனது என்பது உள்ளே படிக்காமலே தெரியும். முதலில் அதோடு நில்லுங்கள். முதல் தடவை என்றால் வாயால் சொல்லுங்கள், இரண்டாம் தடவை எழுதிக் கொடுங்கள். அதற்கு மேலும் போனால் மெமோ, விளக்கம், விசாரணை என்று முறையாகப் போங்கள். விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் பேசுகிற நேரமும் உண்டு என்பதை எச்.ஆர். தம்பிகளுக்கு யாராவது சொல்லிக் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், காசு வாங்காமல் வந்து சொல்லித் தருகிறேன்.

இனி, பெயர் சொல்லாத அந்த நிறுவனத்துக்கு மட்டும் சில வரிகள். வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கச் சொன்னால் பிள்ளை வேண்டாம் என்கிறது; அங்கே இனிமேல் கால் வைக்காதாம். ஆனால் வரவேண்டியது வந்தாக வேண்டும். ஒரு மாதச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான காசு. சம்பளச் சீட்டுகளும் ஃபார்ம் 16-ம் நீங்கள் பூட்டிய மெயிலுக்குள் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பிள்ளையின் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். வங்கி அந்தச் சீட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. பி.எஃப். தளத்தில் வேலையை விட்ட தேதியைச் சரியாகப் பதிந்துவிடுங்கள். பணிச் சான்றிதழில் எத்தனை வருஷம், என்ன வேலை என்பது மட்டும் இருக்கட்டும். அந்த ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட்டுகள் எத்தனை நகல் எடுத்தீர்கள், யார் யார் கையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லா நகலையும் ஒரு உறையில் போட்டு அம்மாவின் பெயருக்கே அனுப்பிவையுங்கள். விலாசம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பெர்சனல் டிபார்ட்மெண்ட் கிளார்க்,
சேர்மாதேவி.